ஒன்பதரைச் சவரன் ரிவால்வர்

1955-ல் அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் ‘பைத்தான்’ என்ற ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடை விலை 125 டாலர். அன்றைக்கு ஒரு டாலர் நாலே முக்கால் ரூபாய். நம் காசில் 595 ரூபாய். அதே ஆண்டு இந்தியாவில் பத்து கிராம் தங்கம் 79 ரூபாய்க்கு விற்றது. சவரன் என்றால் 63 ரூபாய். தி.நகர் உஸ்மான் ரோட்டில் நகை வாங்கிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். ஒரு பைத்தான், ஏறக்குறைய ஒன்பதரைச் சவரன்.

2005-ல் பைத்தான் உற்பத்தி நின்றது. 2020 ஜனவரியில் திரும்ப வந்தபோது விலை 1,499 டாலர். ரூபாயில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். சென்னையில் அந்த மாதம் சவரன் முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஆக, மூன்றரைச் சவரன். டாலரில் பன்னிரண்டு மடங்கு ஏறிய சாமான், தங்கத்தில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. 1955-ல் வாங்கி, அட்டைப்பெட்டி கலையாமல் வைத்திருந்த பழைய பைத்தானுக்கு அமெரிக்காவில் இன்று சில ஆயிரம் டாலர் கொடுக்க ஆள் உண்டு. ஆனால் அந்த 595 ரூபாய்க்குத் தங்கம் வாங்கி வைத்திருந்தால், சவரன் 70,000-ஐத் தாண்டிய 2025 ஏப்ரலில் அதன் மதிப்பு ஆறரை லட்சத்துக்கும் மேல்.

பழைய கைத்துப்பாக்கி அன்றைக்கு என்ன விலை, இன்றைக்கு என்ன மதிப்பு என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அமெரிக்கர்களுக்குப் பொழுதுபோக்கு. சென்னையில் அது குடும்பப் பிரச்சினை. லஸ் சர்ச் ரோடு, அபிராமபுரம், போட் கிளப், அடையாறு காந்தி நகர் என்று தென்சென்னையின் பழைய வீடுகளில் வாழ்ந்த நீதிபதிகள், வக்கீல்கள், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள், நீலகிரியிலும் வால்பாறையிலும் எஸ்டேட் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று பலர் லைசென்ஸோடு ரிவால்வர் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்தத் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. பீரோவைத் திறக்கும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் முதலில் வருவது பயம்: இதை என்ன செய்வது? கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு உறவினர் சொல்வார், “வெளிநாட்டுச் சரக்கு, லட்சக்கணக்கில் போகுமே!”

போகும் என்பது உண்மைதான். ஆனால் ஏன் போகிறது என்று தெரியாமல் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் இந்தக் குடும்பங்கள் தவறான முடிவை எடுக்கின்றன என்பது என் எண்ணம். அந்த விலைக்கும் துப்பாக்கியின் தரத்துக்கும் சம்பந்தம் குறைவு. அதன் வரலாற்றுக்கும் அந்த விலைக்கும் சம்பந்தமே இல்லை.

தலைகீழ்ச் சந்தை

உலகச் சந்தையில் பெரிய ராணுவ ரிவால்வர்களுக்கு மவுசு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிட்டிருந்த வெப்லி மார்க் 6, 1915-ல் படையில் சேர்க்கப்பட்டது; .455 ரகம். சேகரிப்பாளர்கள் தேடிப்போய் வாங்கும் துப்பாக்கி அது. அதோடு ஒப்பிட்டால், அந்தக் காலத்துக் கனவான்கள் கோட்டுப் பையில் போட்டுக்கொண்ட .32 ரகச் சின்ன ரிவால்வர்கள் சாதாரணம். அமெரிக்காவில் பழைய .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சில நூறு டாலருக்கே கிடைக்கும்.

இந்தியாவில் இது அப்படியே புரண்டு கிடக்கிறது. .455, .45, .38, 9 மில்லிமீட்டர் எல்லாம் சட்டப்படி தடைசெய்யப்பட்ட ரகங்கள். சாதாரண லைசென்ஸில் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே வாங்கவும் ஆள் இல்லை. .32-க்குத் தடை இல்லை. அதனால் எந்தத் துப்பாக்கிக்கு வெளிநாட்டில் கௌரவமோ அது இங்கே விலைபோகாது; அங்கே யாரும் திரும்பிப் பார்க்காத சின்னத் துப்பாக்கி இங்கே லட்சங்களைத் தொடும்.

இந்தத் தடையின் வேர் ஆங்கிலேயர் காலத்தில் இருக்கிறது. படையிடமிருந்து திருட்டுப்போகும் தோட்டா, வெளியே இருக்கும் துப்பாக்கிக்குப் பொருந்தக் கூடாது என்பதே அவர்களின் கவலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 ரகத்துக்கு இந்தியாவில் தடை வந்தபோது, புலி வேட்டைக்கு வரும் துரைகளையும் மகாராஜாக்களையும் இழக்க விரும்பாத லண்டன் கம்பெனிகள் புதுப்புது அளவுகளைக் கண்டுபிடித்தன. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1907-ல் கொண்டுவந்த .465 ரகத்துக்கு ‘இந்தியா ராயல்’ என்றே பெயர். ஒரு அரசாணை உலகத் துப்பாக்கித் தொழிலின் அளவுகோலையே மாற்றியது. நூறு வருடம் கழித்தும் அதே பயத்தின் மிச்சம் மயிலாப்பூர் பீரோவில் இருக்கும் துப்பாக்கியின் விலையைத் தீர்மானிக்கிறது.

இறக்குமதிச் சுவர்

இரண்டாவது காரணம் 1980-களின் நடுவில் வந்தது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனிநபர்கள் இறக்குமதி செய்வதை மத்திய அரசு நிறுத்தியது. தேர்ந்த துப்பாக்கி சுடும் வீரர்களுக்கும், வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புகிறவர்களுக்கும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. மற்றபடி கதவு மூடிக்கொண்டது. அதற்கு முன் கப்பலேறி வந்து இறங்கியவை எத்தனையோ அத்தனைதான். ஒவ்வொரு வருடமும் சில துருப்பிடிக்கும், சில ஒப்படைக்கப்படும், சில அழிக்கப்படும். எண்ணிக்கை குறையும், கூடாது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

இந்தச் சுவருக்குள்ளே குறுக்குவழியும் இருந்தது. சுங்கத் துறை பறிமுதல் செய்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளை எம்.பி.க்களுக்கும் முக்கியப் பிரமுகர்களுக்கும் சந்தை விலையில் சிறு பகுதிக்கு விற்கும் வழக்கம் பல ஆண்டுகள் நடந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகப் பட்டியல்கள் வெளியே வந்தபோதுதான் அதன் அளவு தெரிந்தது. பொதுமக்களுக்கு மூடிய கதவு சிலருக்கு மட்டும் திறந்திருந்தது நியாயமே இல்லை.

உள்நாட்டுச் சரக்கு என்ன விலை? 2014 ஜனவரியில் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரை அறிமுகம் செய்தது. டெல்லி நிர்பயாவின் நினைவில் வைத்த பெயர். எடை அரைக் கிலோ. விலை 1,22,360 ரூபாய். அந்த மாதச் சென்னை விலையில் ஐந்து சவரனுக்கு மேல். எந்தப் பெண்ணின் கைக்கு இது எட்டும் என்று நாடு முழுக்கக் கேள்வி எழுந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். பேருந்தில் வேலைக்குப் போய்வரும் பெண்ணுக்கு ஒரு லட்ச ரூபாய் ரிவால்வரைக் காட்டிப் பாதுகாப்பு என்று சொன்னது பொறுப்பைத் தட்டிக்கழித்த செயல் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆறு வருடம் கழித்து வந்த புதிய பைத்தானே மூன்றரைச் சவரன்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிற்பாடு பழைய வெப்லி நிறுவனமே உத்தரப்பிரதேசத்தின் சண்டீலாவில் உள்ளூர்க் கம்பெனியோடு கைகோத்து .32 ரிவால்வர் தயாரிக்க வந்தது. 2020-ல் சொன்ன விலை ஒரு லட்சத்து அறுபதாயிரம். வரியும் சும்மா இல்லை. கைத்துப்பாக்கிக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அரசு இதை ஆடம்பரப் பொருளாகவே கணக்கில் வைக்கிறது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் புதுசு விலை ஏற ஏறப் பழசின் விலையும் கூடவே ஏறும்.

வாங்குகிறவர்கள் யார்? 2016 இறுதியில் உள்துறை அமைச்சகம் சொன்ன கணக்குப்படி நாடு முழுவதும் சுமார் 33.69 லட்சம் துப்பாக்கி லைசென்ஸ்கள். உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22,532. வடக்கே ரிவால்வர் ஒரு அந்தஸ்து. கல்யாண ஊர்வலத்தில்கூட வெளியே வரும். யோகி ஆதித்யநாத் 2022 தேர்தல் பிரமாணப் பத்திரத்தில் தன் ரிவால்வருக்கு ஒரு லட்சம், ரைஃபிளுக்கு 80,000 என்று மதிப்புக் காட்டியிருந்தார். நம் ஊரில் துப்பாக்கியைச் சொத்துப் பட்டியலில் பார்ப்பதே அபூர்வம். மயிலாப்பூர்த் தாத்தாவின் .32-க்கு விலை சொல்லும் சந்தை கங்கைக்கரையில் இருக்கிறது. இந்த வித்தியாசத்துக்காகத் தமிழ்நாடு பெருமைப்படலாம்.

இரண்டு டாலர் துப்பாக்கியும் ஆறு மில்லியன் டாலர் துப்பாக்கியும்

சுவரில்லாத சந்தையில் பழைய துப்பாக்கி எதனால் மதிப்பு பெறுகிறது என்று பார்த்தால், நாம் கோட்டைவிடுவது எதை என்று தெரியும்.

1942-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு ‘லிபரேட்டர்’ என்ற கைத்துப்பாக்கியைப் பத்து லட்சம் அளவில் செய்து தள்ளியது. தகட்டை அடித்து வளைத்த ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. தயாரிப்புச் செலவு இரண்டு டாலர் பத்து சென்ட். அன்றைய தங்க விலையில் கால் சவரன்கூட வராது. ஜெர்மானியர் பிடித்த நாடுகளில் எதிர்ப்புப் போராளிகளுக்கு வானிலிருந்து போடுவது திட்டம். பெரும்பாலானவை போராளிகளின் கைக்குப் போகவே இல்லை. போருக்குப் பின் உருக்கி அழித்தார்கள். தப்பிப் பிழைத்தவை இன்று இரண்டாயிரம் டாலர், அதற்கு மேலும் போகின்றன. தங்கத்தையே பல மடங்கு மிஞ்சிய லாபம். மிக மலிவாகச் செய்த துப்பாக்கி என்பதும், அதை அழித்துவிட்டார்கள் என்பதும்தான் அதன் மதிப்பு.

இன்னொன்று 1873-ல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. கௌபாய் படங்களில் பார்த்துப் பழகிய ரிவால்வர். வந்த புதிதில் 17 டாலர், அதாவது சுமார் மூன்று சவரன். அந்தக் காலத்துச் சாதாரணத் துப்பாக்கி நல்ல நிலையில் இருந்தால் இன்று பல ஆயிரம் டாலர். ஆனால் ஷெரீஃப் பாட் காரெட் 1881-ல் பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனைச் சுட்ட துப்பாக்கியும் அதே ரகம்தான். 2021 ஆகஸ்ட்டில் பொன்ஹாம்ஸ் ஏல நிறுவனம் அதை ஆறு மில்லியன் டாலருக்கு மேல் விற்றது. இரும்பு அதே இரும்பு. யார் கையில் இருந்தது, அதற்கு என்ன ஆதாரம் என்பதற்குத்தான் மற்ற பணமெல்லாம்.

இதனால்தான் அங்கே காகிதத்துக்கு அத்தனை மரியாதை. கோல்ட் நிறுவனத்திடம் வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்தத் துப்பாக்கி எந்தத் தேதியில் எந்தக் கடைக்கு அனுப்பப்பட்டது என்று பழைய பேரேட்டைப் பார்த்துக் கடிதம் தருவார்கள். அசல் பெட்டி, கடை ரசீது, உறை, சொந்தக்காரரின் கடிதம் எல்லாம் சேர்ந்தால் விலை பன்மடங்கு.

நம்மிடம் அப்படிக் காகிதமே இல்லையா? இருக்கிறது. அமெரிக்கர்களிடம் இருப்பதைவிட நல்ல காகிதமே இருக்கிறது. 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்களை லைசென்ஸ் வாங்க வைத்தது. ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்து நம்மை அவமானப்படுத்திய சட்டம் அது. அதற்குப் பதிலாக 1959-ல் நாம் இயற்றிய சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்த இரண்டு சட்டங்களின் கீழும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பெயர், எண், ரகம், புதுப்பித்த தேதி, அதிகாரியின் முத்திரை என்று லைசென்ஸ் புத்தகத்தில் ஏறியிருக்கும். மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பெயர்போன பி.ஆர் அண்ட் சன்ஸ் ஒரு காலத்தில் துப்பாக்கியும் விற்றது. அந்தப் பெயரும் மெட்ராஸ் என்ற ஊர்ப்பெயரும் பொறித்த துப்பாக்கிகள் வெளிநாட்டு ஏலங்களில் தலைகாட்டுவது உண்டு. அப்படி ஒன்றும், அதன் லைசென்ஸ் புத்தகமும், வைத்திருந்தவரின் புகைப்படமும் சேர்ந்து கிடைத்தால் அது மெட்ராஸ் மாகாணத்தின் சமூக வரலாற்றில் ஒரு பக்கம். நடப்பது என்ன? துப்பாக்கி டீலரிடம் போகிறது, பழைய புத்தகம் பழைய பேப்பர்க்காரரிடம் போகிறது.

துப்பாக்கியையும் நாம் ஒழுங்காக வைத்திருப்பதில்லை. சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் கடற்காற்று இரும்பை விட்டுவைக்காது. தோல் உறைக்குள் போட்டு வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பது பெரிய தவறு. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். துரு தெரிந்ததும் நிக்கல் முலாம் பூசிப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். தொழிற்சாலை கொடுத்த கருநீலப் பூச்சு போனால் சேகரிப்பாளர் பார்வையில் பாதி மதிப்புக்கு மேல் போய்விட்டது. தேய்ந்த அசல் பூச்சுக்குக் கிடைக்கும் மரியாதை புதுப் பளபளப்புக்குக் கிடையாது.

பீரோவைத் திறந்த பிறகு

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. லைசென்ஸ்தாரர் காலமானால் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் உரிமையும் அன்றோடு முடிந்தது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். மயிலாப்பூர் இ-1, அடையாறு ஜே-2, மாம்பலம் ஆர்-1 நிலையங்களுக்கு இது புதிய வேலை அல்ல. ஒவ்வொரு தேர்தல் அறிவிப்பின்போதும் லைசென்ஸ் துப்பாக்கிகளை வாங்கி வைத்துப் பழக்கம் உண்டு. “அப்பாவுடையதுதானே, காரியமெல்லாம் முடியட்டும்” என்று தள்ளிப்போடுவது ஆபத்து. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை.

வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். சென்னையில் அதைத் தரும் அதிகாரம் வேப்பேரியில் இருக்கும் காவல் ஆணையருக்கு. 2016 விதிகள் இன்னொரு வழியையும் திறந்திருக்கின்றன: லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டால், அல்லது துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டு இருந்துவிட்டால், உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். பெரியவர் இருக்கும்போதே உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய காரியம் இது. எங்கே வாங்கினார், என்ன விலை கொடுத்தார், யார் கையிலிருந்து வந்தது என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வைத்துவிட வேண்டும். அவர் போன பிறகு அந்தத் தகவலை எந்த அலுவலகமும் தராது.

விற்பது என்று முடிவெடுத்தால், வாங்குகிறவருக்கும் அதே ரகத்துக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்தது என்றாலும் விலக்கில்லை. கூடுதலாக இருந்ததை ஒரு வருடத்துக்குள் ஒப்படைக்கச் சொன்னார்கள். இன்னொரு பூட்டும் உண்டு. நூறு வருடம் தாண்டிய பொருள் 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. லண்டன் ஏல விலையைப் பார்த்துக் கனவு காண வேண்டாம். உள்ளூரில் லைசென்ஸ் உள்ள ஒரு சிலர் என்ன தருகிறார்களோ அதுதான் விலை. சீக்கிரம் தள்ளிவிட நினைக்கும் வாரிசு எத்தனை அவசரத்தில் இருக்கிறார் என்பது டீலருக்கு நன்றாகவே தெரியும்.

ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பலருக்குத் தெரிவதில்லை. பழுது பார்த்தாலும் சுட முடியாத, வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு அது விலக்கு அளிக்கிறது. குடும்ப நினைவாகவோ காட்சிப்பொருளாகவோ ஒரு துப்பாக்கி நிலைப்பதற்கு இந்தப் பிரிவில் இடம் இருக்கிறது.

தஞ்சாவூரில் நடந்தது

எடைக்கு எடை இரும்பு என்று நினைத்து இந்த மண் ஒரு முறை இழந்தாகிவிட்டது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசின்றி மறைந்தார். ராஜ்யத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அரண்மனை ஆயுதசாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாள்கள், கட்டாரிகள், ஈட்டிகள் 1860-களில் உடைக்கப்பட்டு, பெரும்பகுதி பழைய இரும்பாக விற்கப்பட்டது. தேர்ந்தெடுத்து மீட்ட ஒரு பகுதிதான் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அந்த மிச்சத்தை வைத்தே ஆங்கில ஆய்வாளர் ராபர்ட் எல்குட் தென்னிந்திய ஆயுதக்கலை பற்றி ஒரு பெரிய நூல் எழுத முடிந்தது. மிச்சத்திலேயே அவ்வளவு இருந்தது என்றால் உருகிப்போனதில் எவ்வளவு இருந்திருக்கும்? இரும்பு விலைக்குப் போன அதே வகைத் தஞ்சைக் கட்டாரிகள் இன்று வெளிநாட்டு ஏலங்களில் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகின்றன.

கேட்பாரற்று ஒப்படைக்கப்படும் பழைய கைத்துப்பாக்கிகளுக்கு இப்போது நடப்பதும் அதன் சிறிய வடிவம்தான். கெடு முடிந்தால் அரசுடைமை, பிறகு அழிப்பு. பொதுப் பாதுகாப்புக்கு அது தேவை. துப்பாக்கிகள் சுற்றில் இருப்பதைவிட உலையில் இருப்பது நல்லது என்றே நானும் சொல்வேன். ஆனால் அழிக்கும் முன் எது அபூர்வம் என்று பிரித்துப் பார்க்க ஒரு கண் வேண்டும். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் எழும்பூரில் இருக்கிறது. கோட்டையில் 1948-லிருந்து இன்னொன்று. இரண்டிலும் ஆயுதக் கூடங்கள் உண்டு. அழிக்கப்போகும் பட்டியலை வேப்பேரி ஆணையர் அலுவலகம் முதலில் எழும்பூர் காப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் குறிப்பவற்றின் சுடும் திறனை நிரந்தரமாகப் போக்கி, லைசென்ஸ் புத்தகத்தின் நகலோடு அருங்காட்சியகத்தில் சேர்க்க வேண்டும். மற்றவை உலைக்குப் போகட்டும். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், உள்துறையின் ஓர் அரசாணை போதும். இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே ஆட்டோவில் பத்து நிமிடப் பயணம்தான்.